ஒருமையில் ஒரு சொல்

இருந்தவர்கள்:

மாஸ்டர். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வலது இருக்கை.
பல் டாக்டர். அவரிடம் கற்றுக்கொள்பவர். இடது இருக்கை. குள்ளம் என்பதால் அடியில் ஒரு குஷன், முதுகுக்கு ஒரு குஷன்.
ரேடியோக்காரர். விமானத் திடலின் கட்டுப்பாட்டு அறையில், காதில் ஹெட்போனோடு.
தீயணைப்பு வண்டி டிரைவர். வண்டி நிழலில், செருப்பைத் தலைக்கு வைத்துத் தூக்கத்தில்.
ஒரு நாய். ஓடுபாதை ஓரத்தில். விசாரணையில் அதன் பேரும் அடிபட்டது. அதன் மேல் தப்பில்லை.
மாஸ்டரின் மனைவி: இல்லை. வீட்டில் இருந்தார். ஆனாலும் இந்தப் பட்டியலில் தனக்கு இடம் உண்டு என்று பிறகு அவரே போனில் சொன்னார்.
நான்: இல்லை.

1

ஆக, அங்கே இல்லாத ஒருவன் எழுதுகிற கதை இது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் மேல் பாயக் கூடாது.

ரேடியோக்காரரும் நானும் ஒரு காலத்தில் ஒரே குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள். அவர் பகலில் படித்து, பரீட்சை எழுதி, விமானத் திடலுக்குப் போனார். நான் ஒரு ஷிப்டின் பாதியில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். இப்போதும் என்னைப் பார்க்க வருவார். பேச ஓர் ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் ஆறுதல் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்கிற நாட்களில்.

"டேய், ஒருத்தர் சாகும்போது என் காதுல பேசிட்டுப் போயிட்டார்டா."

"என்ன பேசினார்?"

"விடு."

"அவ்வளவுதானா?"

"உனக்கு எவ்வளவு வேணும்? கீழ விழுந்துட்டு இருக்கறவர் பிரசங்கமா பண்ணுவார்?"

கதை அங்கே பிறந்தது. பிறந்த நேரம் நன்றாயில்லை.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. காற்றில் ஒரு—"

அடித்துவிட்டேன். விபத்துக் கதை எதை எடுத்தாலும் அன்றைக்கு வானம் துடைத்து வைத்தது போலத்தான் இருக்கிறது. மோசமான வானத்தில் பாடம் நடத்த மாட்டார்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது: "முந்தைய நாள்தான் மாஸ்டர் முடி வெட்டிக்கொண்டார். கழுத்தின் பின்புறம் வெளுப்பாக—"

இதையும் அடித்தேன். (அவர் முடி வெட்டிக்கொண்டாரா என்றே எனக்குத் தெரியாது. செத்தவர்களுக்கு முடி வெட்டிவிடுவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்.)

மூன்றாவது: "இருக்கை நகர்ந்தது."

இது உண்மை. ஆனால் இதைச் சொல்லிவிட்டால் முதல் வரியிலேயே எல்லாம் முடிந்துபோகும். எனவே இந்த வரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறேன். அதன் புத்தியும் அதுதானே.

3

பல் டாக்டர் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நீண்ட நாள் சந்தேகம். இவர் ஏன் பறக்க வந்தார்? 'அப்பாவின் நிறைவேறாத ஆசை' என்று எழுதினேன். விசாரித்தால், அப்பா விமானத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவராம். 'கசந்த மண வாழ்க்கை, வானத்தில் விடுதலை' என்று எழுதினேன். கணவர் தங்கமான ஆள். வாரம் தவறாமல் கூட்டிவந்து இறக்கிவிட்டுக் காரிலேயே தூங்குவார். கடைசியில், ரேடியோக்காரர் நேராகவே கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே போடுகிறேன்.

"எதுக்கு டாக்டர் இந்த வயசுல இதெல்லாம்?"

"நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துட்டிருக்கேன். கொஞ்சம் தூரமா எதையாவது பாக்கணும்போல இருந்துச்சு."

நாற்காலியை ஏற்றுவதும் இறக்குவதும் சாய்ப்பதும் அவர் தொழில். இருக்கையால் கெட்ட கதைக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது, யாரோ உட்கார்ந்து யோசித்தது போல இருக்கிறது என்று தையல்காரியாக மாற்றிப் பார்த்தேன். கதை நொண்டியது. பல் டாக்டராகவே இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொரு காரணமும் உண்டு. பயந்த நோயாளிகள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். "கையை விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று இவர் தினமும் சொல்வார். இதுவரை ஒருவரும் விட்டதில்லை. பயந்த கை சொன்ன பேச்சைக் கேட்காது என்பது இவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

மாஸ்டர், பேர்தான் மாஸ்டர். டாக்டரைவிட நன்றாகவே இளையவர். அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் எல்லோரும் வாடா போடா என்று விரட்டிய கடுப்போ என்னவோ, மாஸ்டருக்கு மரியாதைப் பைத்தியம். பெட்ரோல் ஊற்றுகிற ஆள்வரை எல்லோருக்கும் வாங்க, போங்கதான். திட்டும்போதும் "நீங்க ஒரு முட்டாளுங்க" என்பார். ஓடுபாதையில் நாய் படுத்திருந்தால் இறங்கிப் போய், "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். நாய் தள்ளிப் படுக்கும்.

(நானும் டாக்டரை முதலில் 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன். கதைகளில் பெண்களை அப்படித்தானே எழுதுகிறோம். ஆண் என்றால் 'அவர்', பெண் என்றால் எம்.டி. படித்திருந்தாலும் 'அவள்'. மாஸ்டர் கதையில் அது செல்லாது என்று எல்லாவற்றையும் 'அவர்' ஆக்கினேன். இந்தத் திருத்தத்தை நினைவில் வையுங்கள்.)

4

இப்போது தள்ளி வைத்த வரியை எடுக்கிறேன்.

அந்தச் சின்ன விமானத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இருக்கைகள் தரையில் உள்ள இரண்டு கம்பிகள் மேல் முன்னும் பின்னும் நகரும். உயரத்துக்கு ஏற்ப நகர்த்தி, அடியில் இருக்கும் நெம்புகோலை விட்டால், ஒரு பின் துளைக்குள் 'டக்'கென்று விழுந்து பூட்டிக்கொள்ளும். விழுந்ததா என்று உடம்பைக் குலுக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மாஸ்டர் மந்திரம் போலச் சொல்வார்: "உக்காருங்க, பூட்டுங்க, ஆட்டிப் பாருங்க."

அன்று நெம்புகோல் முரண்டு பிடித்தது. டாக்டர் இருக்கையை எல்லோரையும்விட முன்னால் இழுக்க வேண்டியவர். குனிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இன்னொரு விமானம் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றது. மாஸ்டர் குறுக்கே சாய்ந்து கையை விட்டு, நெம்பி, இருக்கையை ஒரு தள்ளு தள்ளினார். 'டக்'கென்று கேட்டது. கேட்டது போல இருந்தது.

டாக்டர் வழக்கப்படி உடம்பை ஆட்டத் தொடங்கினார்.

"விடுங்கக்கா. நான் பாத்துட்டேன்."

பாதி ஆட்டத்தில் நிறுத்தினார். மாஸ்டர் பூட்டியதை மாஸ்டர் முன்னாலேயே ஆட்டிப் பார்ப்பது, பரிமாறியவர் எதிரில் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பது மாதிரி. மனசு வரவில்லை.

வண்டி ஓடியது. வேகம் சேர்ந்தது. டாக்டர் முன்னால் இருந்த கைப்பிடியை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு நிமிர்ந்தது, சக்கரம் தரையை விட்டது. தூரத்தில் இருந்ததெல்லாம் கண்ணுக்கு வர ஆரம்பித்த அந்த இடத்தில் இருக்கை நகர்ந்தது.

கொஞ்சம் அல்ல. கம்பியின் கடைசிவரை. முன் கண்ணாடி அவரை விட்டு ஓடிப்போனது. கால்கள் பெடலை விட்டு அந்தரத்தில் தொங்கின. அவரிடம் மிச்சம் இருந்தது கையில் இருந்த கைப்பிடி மட்டும். அதைப் பிடித்துத் தொங்கினார். பிடித்துத் தொங்குவது என்றால் இழுப்பது. இழுத்தால் மூக்கு இன்னும் ஏறும். மூக்கு ஏற ஏற வேகம் செத்துக்கொண்டே வரும். எச்சரிக்கை ஊதல் அழ ஆரம்பித்தது.

மாஸ்டர் தன் பக்கத்துக் கைப்பிடியைப் பாய்ந்து பிடித்து முன்னால் தள்ளினார். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அவருடைய கைகளுக்கு எதிராக டாக்டரின் முழு உடம்பு. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வண்டியை மாற்ற அந்தப் பள்ளியில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் உண்டு. ஒருவர் சொல்ல, மற்றவர் பதில் சொல்லிக் கையை எடுக்க வேண்டும். இருவரும் அதை ஆயிரம் தடவை ஒப்பித்தவர்கள். ஆனால் உயிர் போகிற நேரத்தில் ஒப்பித்ததெல்லாம் வாய்க்கு வராது.

"விடு!"

பிடித்த பிடியில் மாஸ்டரின் கட்டைவிரல் கைப்பிடியில் இருந்த ரேடியோ பொத்தானை அழுத்தியிருந்தது. அதனால்தான் அது கட்டுப்பாட்டு அறைக்கும் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

(பாருங்கள். 'அவள்' என்று வந்துவிட்டது. இத்தனை பக்கம் காப்பாற்றி வந்ததை, விழுகிற இடத்தில் கை தானாக நழுவவிட்டது. திருத்தாமல் விடுகிறேன். மாஸ்டருக்கு நடந்ததும் இதுதான்.)

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் அவளை இந்த மாதிரி கூப்பிட்டதே இல்லை. 'விடுங்க' என்றால் அவளுக்கு. 'அக்கா' என்றால் அவளுக்கு. இது வேறு யாருக்கோ. பின்னால் பார்த்தாள். பின்னால் ஒரு பையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அந்த விமானத்தில் ஒருமையில் அழைக்கத்தக்க ஆள் யாரும் இல்லை.

நமக்குத்தான் என்று புரிந்தபோது காற்று இறக்கையை விட்டுவிட்டது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழுந்து, புரண்டு, மாஸ்டர் பக்கம் அடியில் போக நின்றது. அவள் கை விட்டதா, இல்லையா? அவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

5

* விடு: இந்தச் சொல்லுக்கு அகராதி பக்கம் பக்கமாகப் பொருள் சொல்கிறது. வண்டி விடுவதும் விடுதான், மூச்சு விடுவதும் விடுதான், உயிரை விடுவதும் அதுதான். கண்டுகொள்ளாதே என்பதற்கும் விடு. பாவம், அவனை மன்னித்துவிடு என்பதற்கும் விடு. மாஸ்டர் சொன்னதில் எந்தக் குழப்பமும் இல்லை. கையை எடு என்றுதான் சொன்னார். குழப்பமெல்லாம் அதில் இல்லாமல் போன 'ங்க'வில்.

விசாரணை அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அந்த மொழியில் 'விடு'வுக்கும் 'விடுங்க'வுக்கும் வித்தியாசம் கிடையாது. ஆகவே இந்த விஷயம் அறிக்கையில் ஏறவே இல்லை. ஏற்ற இடமும் இல்லை.

இருக்கை நசுங்கியதில், பின் விழுந்திருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்த டாக்டரிடம் வந்து கேட்டார்கள்.

"சீட்டைப் பூட்டினது யாருங்க?"

"நான்தான்."

"ஆட்டிப் பாத்தீங்களா?"

"இல்லை."

"அவர் கையை எடுக்கச் சொன்னாரா?"

"சொன்னார். நான் எடுக்கலை."

மூன்று பதில். ஒன்று பொய், ஒன்று உண்மை, ஒன்று அவருக்கே தெரியாதது. அறிக்கை முடிந்தது. மாஸ்டர் மேல் தப்பில்லை.

6

அதற்குப் பிறகுதான் மாஸ்டரின் மனைவி ரேடியோக்காரருக்குப் போன் செய்தார்.

"அண்ணா, கடைசியா என்ன சொன்னார்னு நீங்கதான் கேட்டீங்களாமே."

"விடுன்னு சொன்னாரும்மா."

"விடுங்கன்னா?"

"இல்லம்மா. விடு."

லைன் போய்விட்டதோ என்று ரேடியோக்காரர் போனைத் தட்டிப் பார்த்தாராம்.

"அவர் யாரையும் அப்படிச் சொல்ல மாட்டாரேண்ணா. என்னைத் தவிர. அன்னிக்குக் காலையில சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னிக்கு லீவு போடுங்களேன்னேன். விடுடின்னு சிரிச்சுட்டே பிச்சுக்கிட்டுப் போனார். ரெண்டாவது தடவையும் எனக்குத்தான் சொல்லியிருக்கார். இல்லண்ணா?"

"ஆமாம்மா" என்றிருக்கிறார் ரேடியோக்காரர். என்னிடம் சொல்லும்போது கோபமாகக் கேட்டார்: "வேற என்னடா சொல்லச் சொல்ற? இலக்கணமா எடுக்க முடியும்?"

அந்தப் பெண் மேலே பேசிக்கொண்டே போயிருக்கிறார். யாராவது போனை வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பேசுகிற பேச்சு. "கதவை நான் பூட்டினா வந்து ஆட்டிப் பாப்பார்ணா. அவர் பூட்டினா ஆட்ட மாட்டார். நான் ஒரு தடவை ஆட்டிட்டேன், வந்துச்சே கோபம். நான் பூட்டினதுல உனக்கு என்னடி சந்தேகம்னு ரெண்டு நாள் பேசலை. அதுலேர்ந்து நான் எந்தக் கதவையும் ஆட்டறதில்ல. அவர் இருக்கார்ல, பாத்துப்பார்னு விட்டுட்டேன்." கடைசியாகக் கேட்டார்: "அந்த டாக்டரைக் கூட்டிட்டு வாங்கண்ணா. பக்கத்துல இருந்தாங்கல்ல. எனக்குச் சொன்னப்ப முகம் எப்படி இருந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

7

ரேடியோக்காரர் தன் காரிலேயே டாக்டரைக் கூட்டிப்போனார். டாக்டர் ஏறி உட்கார்ந்ததும் ஊன்றுகோலைப் பின்னால் போட்டுவிட்டு இருக்கையில் முன்னும் பின்னும் குலுங்கினாராம். வண்டி நகர்ந்த பிறகும் குலுங்கினாராம்.

"என்ன டாக்டர், சீட் சரியில்லையா?"

அப்போதுதான் 'விடுங்கக்கா, நான் பாத்துட்டேன்' வெளியே வந்தது. அதுவரை கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

ரேடியோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். போனில் கேட்ட கதவு விஷயம் அவர் நினைவுக்கு வந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லப் போறீங்களா?"

"தெரியலை."

"சொல்லாதீங்க டாக்டர். போனவரை மறுபடியும் கொல்லணுமா?"

"சொல்லலைன்னா நான்தான் கொன்னேன். ஊருக்கு அப்படித்தான். அது பரவாயில்லை, எழுதிக் குடுத்துட்டேன். ஆனா அந்தப் பொண்ணு 'விடு'வை எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றீங்களே."

"எடுத்துக்கட்டுமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"அது எனக்குச் சொன்னதுங்க." டாக்டர் கத்தவில்லை, பல் பிடுங்கும்போது பேசுகிற குரல். "அப்பவே அது எனக்குன்னு எடுத்திருந்தா அவர் இருந்திருப்பார். யாருக்கோன்னு பாத்துட்டு இருந்தேன். இப்பவும் யாருக்கோன்னு விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

டாக்டர் வாயைத் திறந்தால் அந்த வீட்டில் இரண்டு பொருள் போகும்: கணவன் தப்பே செய்யாதவன் என்பது ஒன்று, சாகும்போது தன்னை நினைத்தான் என்பது இன்னொன்று. திறக்காவிட்டால் இவர் ஆயுசு முழுக்கப் பொய்யான கொலைகாரி. இடையில் ஒரு வழி இருக்குமென்று இதை எழுத ஆரம்பித்தபோது நினைத்தேன். ஏழாவது பகுதிக்கு வந்துவிட்டோம், காணோம்.

வண்டி கிளம்பியது.

8

வீட்டுக்குள் ரேடியோக்காரர் போகவில்லை. தெருவில் காரிலேயே இருந்தார். ஆகவே உள்ளே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. கீழே இருப்பது என் கைச்சரக்கு.

முடிவு ஒன்று. டாக்டர் எல்லாவற்றையும் சொல்கிறார்.

"சீட்டை அவர்தான் பூட்டினார்."

"அப்ப அவராலதான்னு சொல்ல வர்றீங்களா?"

"அப்படி இல்லம்மா. நான் ஆட்டிப் பாக்கப் போனேன், அவர் விடுங்கன்னு—"

"எந்திரிங்க. எந்திரிச்சு முதல்ல வெளிய—"

நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் இவ்வளவு சீக்கிரம் கத்துவாரா? நான் கத்த வைக்கிறேன், காட்சி சூடாக இருக்கட்டுமே என்று.

முடிவு இரண்டு. டாக்டர் பொய் சொல்கிறார்.

"உங்களைத்தாம்மா சொன்னார். முகம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். இறுகப் பிடிக்கிறார். 'கையை விடுங்க' என்று சொல்லிச் சொல்லியே பழகிய டாக்டர் இந்த முறை—

அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை. முடிவு இவ்வளவு வாகாக வந்து உட்கார்ந்தால் அதையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டினேன். நகர்ந்தது.

முடிவு மூன்று. இருவரும் எதுவும் பேசவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. ஆணியில் மாஸ்டரின் இன்னொரு சட்டை, பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும்—

இல்லை. பேசாமல் இருக்கவா அவ்வளவு தூரம் ஊன்றுகோலோடு போனார்?

கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. மிச்சத்தை உங்களிடம் தருகிறேன். மேலே சொன்ன மூன்றையும் தூக்கிப்போட்டுவிட்டு நீங்களே ஒன்றை உள்ளே நடத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. எதை நடத்தினாலும் கடைசியில் வெளியே ஒரு சத்தம் கேட்டாக வேண்டும். இந்தக் கதையில் நான் கை வைக்காத ஒரே இடம் அது. ரேடியோக்காரர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தன் காதால் கேட்டது.

"என்னடா சத்தம், எவ்வளவு பெரிய சத்தம்னு நினைக்காதே. சாதாரணம்."

"டாக்டர் முகம் எப்படி இருந்துச்சு?"

"பல் டாக்டர் முகம்டா. முக்கால்வாசி நாள் மாஸ்க்குக்குள்ள இருக்கறது. அதுல என்ன தெரியும்?"

துணைக்கு ஆளில்லாமல் இருக்கும் பெண் யாராக இருந்தாலும் கீழே வருவதைத்தான் செய்வார் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ரேடியோக்காரரும் வீடு வரும்வரை தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

கதவு திறந்தது. டாக்டர் ஊன்றுகோலை முதலில் படியில் வைத்தார், பிறகு காலை வைத்தார். உள்ளே இருந்தவர் வாசலுக்கு வரவில்லை. டாக்டருக்குப் பின்னால் கதவு மூடியது. சாவி திரும்பியது. பூட்டு 'டக்'கென்று விழுந்தது.

டாக்டர் படியிலேயே நின்றார்.

உள்ளேயிருந்து கதவு ஆடியது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, பலமாக. திறக்கவில்லை.